பஞ்சு பற்றக்கூடாது

அக்டோபர் 7, திங்கள்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இந்த லாட்ஜுக்கு மூன்றாம் தடவையாக வருகிறேன். வரவேற்பில் இருந்தவர் நான் வாய் திறப்பதற்குள் "கோகிலவாணி, பெருந்துறை" என்று எழுதிக்கொண்டு, "இந்தத் தடவையாவது ஆயிடுமா மேடம்?" என்று விசாரித்தார். நான் போன தடவை தோற்றுவிட்டுப் படியில் உட்கார்ந்து அழுததை மனுஷர் மறக்கவில்லை. "ஆயிடும்" என்று வெடுக்கென்று சொல்லிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன்.

இந்த டைரியை இன்றுதான் தொடங்குகிறேன். தொழிலைப் பற்றி நாலு வரி எழுதிவிடுகிறேன், நாளைக்கே என் மகன் எடுத்துப் படித்தால் அம்மா ஊர் ஊராக எதற்குப் போனாள் என்று தெரியட்டும். கட்டடம் கட்டுகிறவர்கள் சுவரை நன்றாகத்தான் எழுப்புகிறார்கள். அப்புறம் பிளம்பர் வந்து ஓட்டை போட்டுக் குழாயைச் செருகுவார். ஏசிக்காரர் ஒன்று போடுவார். எலக்ட்ரீஷியன் ஒரு கட்டு கேபிளை நுழைப்பார். பக்கத்து அறையில் தீப்பிடித்தால் சுவர் நிற்கும். தீயும் புகையும் அந்த ஓட்டைகளின் சந்து வழியாக இந்தப் பக்கம் வந்துவிடும். அந்தச் சந்தை அடைக்கிற சீலன்ட்தான் நான் செய்வது. சூடு பட்டால் பூரி மாதிரி உப்பி இடைவெளியை மூடிக்கொள்ளும். மூடிக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. போன இரண்டு தடவையும் அது மூடிக்கொள்ளவில்லை.

கிளம்பும்போது முதலாளி சென்னியப்பன் அண்ணன் வாசல் வரை வந்தார். "அம்முணி, இதான் கடேசி. இதும் ஊத்திக்கிச்சுன்னா சீலன்ட் செக்ஷனை மூடிப்போட்டு எல்லாரும் டைல்ஸ் பசைக்கு வந்துருங்க" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பாவம், வருத்தமாகச் சொன்னார்.

அக்டோபர் 8, செவ்வாய்

தீச்சோதனை செய்கிற லேபில், இரும்புச் சட்டத்துக்குள் சுவர் தயாராக இருந்தது. அதில் ஓட்டைகள், ஓட்டைகளில் இரும்புக் குழாய், பிளாஸ்டிக் குழாய், செம்புக் குழாய், கேபிள் கட்டு. காலையிலிருந்து குனிந்தும் நிமிர்ந்தும் ஒவ்வொன்றையும் சுற்றி அடைத்தேன்.

ஷாஹிதா பானு கூடவே நின்றாள். இந்த லேபில் டெஸ்ட் எடுக்கும் இன்ஜினியர். முப்பது வயதுதான் இருக்கும், முகத்தில் சிரிப்பு என்பதே கிடையாது. நெருப்புக்கு எதிர்ப்பக்கம் நின்று, கம்பிச் சட்டத்தில் பஞ்சை வைத்து, சந்து தெரிகிற இடத்தில் எல்லாம் காட்டுவாள். பஞ்சு பற்றிக்கொண்டால் தோல்வி. போன தடவை என் கேபிள் அடைப்புக்கு முன்னால் பஞ்சு குப்பென்று பற்றியபோது, டீ ஆறிவிட்டது என்று சொல்கிற குரலில் "ஃபெயில், மேடம்" என்றாள். அதை நான் இந்த ஜென்மத்தில் மன்னிக்கப் போவதில்லை.

இன்று அவள் என்னிடம் பேசியது மொத்தம் இரண்டு வார்த்தை. "மேடம், ஹெல்மெட்."

அக்டோபர் 9, புதன்

இடுப்பு போயிற்று. ஆனால் அடைப்பு பிரமாதம், கேபிள் கட்டைச் சுற்றி ஒரு விரிசல் இல்லை.

அக்டோபர் 10, வியாழன்

நாளை விடுமுறை என்பதால் லேபில் இன்றைக்கே ஆயுத பூஜை. உலையை ஓட்டுகிற முனிரத்தினம் காலையிலிருந்து அதைக் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார். ஆயிரம் டிகிரியில் எரிகிற உலைக்குக் கழுத்தில் சாமந்தி மாலை. மீட்டர் பெட்டிக்குப் பொட்டு. என் சுவருக்கும் மூலையில் ஒன்று வைத்தார், சீலன்ட் மேல் படாமல். அதை நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேன்.

"மேடம், கெஸ்ட்டு நீங்க. நீங்களே சாமிக்குக் காட்டுங்க" என்று ஒரு கொத்து ஊதுபத்தியைக் கொளுத்தி என் கையில் கொடுத்துவிட்டார். எனக்குப் பெருமையாகப் போயிற்று. உலையைச் சுற்றிக் காட்டி, மீட்டர் பெட்டிக்குக் காட்டி, என் சுவருக்கு முன்னால் கொஞ்சம் அதிக நேரமே நின்று வேண்டிக்கொண்டேன். குத்தி வைக்க வாழைப்பழத்தைத் தேடினால் காவலாளி அதை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். சாம்பல் கையில் விழுந்து சுட்டது. நல்லவேளையாக வசதியான இடம் ஒன்று அகப்பட, காற்றில் சாயாமல் ஆழமாகக் குத்தி வைத்துவிட்டுப் பொரி வாங்க ஓடினேன். கொண்டைக்கடலைச் சுண்டலில் மாங்காய் போட்டிருந்தார்கள். இந்த லேபில் எனக்குப் பிடித்த முதல் விஷயம் அந்தச் சுண்டல்தான்.

ஷாஹிதாவும் வந்திருந்தாள். செல்போனில் எல்லாரையும் படம் எடுத்தாள். பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு "தேங்க்ஸ் மேடம்" என்றாள். இன்றும் இரண்டு வார்த்தை.

அக்டோபர் 13, ஞாயிறு

வீடு. சீலன்ட் உள்ளே வரை காய்ந்து இறுகுவதற்கு நவம்பர் வரை ஆகும். அதுவரை எனக்கு அங்கே வேலை இல்லை. நான் இல்லாத நாட்களில் என் வீட்டுக்காரர் தினமும் ரசமே வைத்திருக்கிறார் என்பது பாத்திரங்களைப் பார்த்ததும் தெரிந்தது. மகன் என்னைக் கட்டிக்கொண்டது பாசத்திலா, சாம்பார் ஏக்கத்திலா என்று கேட்கவில்லை.

அக்டோபர் 24, வியாழன்

கோவையில் கட்டுகிற பெரிய ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து சீலன்ட் கேட்டு வந்திருக்கிறார்கள். இரண்டு மணி நேரம் தீயைத் தாங்கும் என்று டெஸ்ட் ரிப்போர்ட் இருந்தால் எடுத்துக்கொள்வார்கள், அதுவும் வருடக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். அண்ணன் இதை என்னிடம் சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். அவர் நினைத்தது சரிதான், எனக்கு இரவு தூக்கம் வரவில்லை.

அக்டோபர் 31, தீபாவளி

செக்ஷன் பெண்கள் ஆறு பேரும் பலகாரத்தோடு வந்தார்கள். கலவை கிண்டுகிற மயிலாத்தா கச்சாயத்தை என் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள், "அக்கா, இந்தத் தடவ ஆயிருமுங்களா? டைல்ஸ் பசைக்கு நான் போமாட்டனுங்க. அந்தச் சிமிட்டிப் பொடி கையெல்லாம் அறுக்குதுங்க."

"ஆயிரும் மயிலா" என்றேன். சொல்லிவிட்டுக் கச்சாயத்தைக் கடிக்காமல் தட்டில் வைத்தேன். நான் டிரைவிங் டெஸ்ட்டிலேயே மூன்று தடவை தோற்றவள். அது என்னோடு போயிற்று. இதில் ஆறு பேருடைய கை இருக்கிறது.

சாயங்காலம் மகன் புஸ்வாணம் வைத்தான். எல்லாரும் ஒரு பக்கம் நிற்க, நான் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் போய்ப் புகை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் தலையில் அடித்துக்கொண்டார்.

நவம்பர் 4, திங்கள்

என்ன அநியாயம்! என் சுவரில் எவனோ ஓட்டை போட்டிருக்கிறான்!

புதன்கிழமை டெஸ்ட். இன்று காலை டார்ச் அடித்து ஒவ்வோர் அடைப்பாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். கேபிள் கட்டுக்குக் கீழே, அடைப்பின் நட்டநடுவில், ஒரு துளை. நாலு தீக்குச்சி சேர்த்த கனம். சுற்றிலும் இறுகிப்போயிருக்கிறது, அதாவது ஈரமாக இருந்தபோதே குத்தியிருக்கிறார்கள். உள்ளே குச்சி போல ஏதோ உடைந்து கிடக்கிறது. ஈர்க்குச்சியை விட்டுப் பார்த்தேன், பாதிச் சுவருக்கு மேல் போயிற்று. அந்த இடத்தில் தீயைத் தடுக்கிற தடிமன் பாதிகூட இல்லை என்று அர்த்தம்.

முனிரத்தினத்தைப் பிடித்துக்கொண்டேன். "சூடு பார்க்கிற வயரைத் தப்பான இடத்தில் செருகிப் பார்த்தீங்களா?" என்று கத்தினேன்.

"நான் இன்னா மேடம் பண்ணேன்? ஒயரு இன்னும் கட்டவே இல்லியே" என்று அவர் தலையைச் சொறிந்துகொண்டு, என் கண்ணைப் பார்க்காமல் நின்றார். சந்தேகமே இல்லை, இவர்தான் என்று முடிவு கட்டினேன். காவலாளியையும் விடவில்லை. வாழைப்பழம் தின்றவன் எதையும் செய்வான்.

சத்தம் கேட்டு ஷாஹிதா வந்தாள். துளையைப் பார்த்தாள், படம் எடுத்தாள், நிதானமாகக் கேட்டாள், "யார் பண்ணினாங்கன்னு தெரிஞ்சே ஆகணுமா மேடம்?"

"தெரிஞ்சே ஆகணும்! அந்த ஆளை என் முன்னால கொண்டுவந்து நிறுத்துங்க!"

அவள் செல்போனைத் தடவி ஒரு படத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். பூஜையன்று எடுத்த படம்.

அந்தப் படத்தைப் பற்றி இன்று எழுதுவதாக இல்லை. தலைவலி. படுக்கிறேன்.

நவம்பர் 5, செவ்வாய்

சரி. எழுதிவிடுகிறேன்.

படத்தின் நடுவில் நான். பட்டுப்புடவை, ஹெல்மெட், கையில் பொரிப் பொட்டலம், முகமெல்லாம் பல். எனக்குப் பின்னால் சுவர். கேபிள் கட்டுக்குக் கீழே என் சீலன்ட்டில் ஊதுபத்திக் கொத்து ஜம்மென்று நின்று புகைகிறது. பெரிய குற்றவாளியைத் தேடினேன், அவள் பொரி தின்றுகொண்டிருந்தாள்.

முனிரத்தினத்திடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைவிடச் சங்கடப்பட்டார். "லீவு முடிஞ்சி வந்து நான்தான் மேடம் புடுங்கனேன். எல்லாம் வந்துட்ச்சி, ஒண்ணு மட்டும் ஒடஞ்சி உள்ளியே நின்னுக்கிச்சி. கெஸ்ட்டாண்ட போயி எப்படிச் சொல்றது? அதுவும் சாமிக்கு வெச்சது" என்றார். நேற்று நான் கத்தும்போதும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் நின்ற மனுஷர். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஷாஹிதா நிலைமையைச் சொன்னாள். இப்போது துளையை அடைத்தால் அது புதுச் சீலன்ட். மறுபடி காய வேண்டும், இந்தத் தேதி போய்விடும், அடுத்த தேதி பொங்கலுக்கு அப்புறம்தான். இல்லையென்றால் துளையோடு அப்படியே கொளுத்தலாம். "எப்படியும் ரிப்போர்ட்ல துளையைப் பத்தி எழுதுவேன் மேடம்" என்றாள். பொங்கலுக்கு அப்புறம் என்றால் ஆஸ்பத்திரி இல்லை. துளையோடு கொளுத்தித் தோற்றால் செக்ஷனே இல்லை.

மத்தியானம் சாப்பிடப் போனவள் சும்மா சுவரைப் பார்க்கலாமே என்று திரும்பி வந்தேன். சும்மாதான். கையில் புளியங்கொட்டை அளவுக்குச் சீலன்ட் உருண்டை இருந்தது வேறு விஷயம். மாதிரிக்குக் கொண்டுவந்த டப்பாவில் இருந்தது, ஒட்டிக்கொண்டது. சுவரிடம் போய்க் கட்டைவிரலை நீட்டும்போது பின்னால் குரல்.

"கையில என்ன மேடம்?"

"ஒண்ணுமில்லை."

"அந்த ஒண்ணுமில்லாததை இந்தக் கவர்ல போட்டுடுங்க" என்று ஒரு பிளாஸ்டிக் கவரைப் பிரித்துப் பிடித்தாள். போட்டேன். அதை அவள் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல், "வாங்க, டீ குடிக்கலாம்" என்றாள். டீக்கடையில் முதல் தடவையாக நிறையப் பேசினாள். ஊர் ஆம்பூர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கம்பெனிக்காரர் தோற்றுவிட்டு இவள் முன்னாலேயே மயங்கி விழுந்தாராம். அன்றிலிருந்து "ஃபெயில்" என்பதை எந்த உணர்ச்சியும் இல்லாமல் சொல்லப் பழகிக்கொண்டாளாம். "நான் வருத்தமா சொன்னா அவங்க இன்னும் உடைஞ்சுடுறாங்க மேடம்" என்றாள். நான் போன மாதம் எட்டாம் தேதி எழுதியதைத் திரும்பிப் போய் அடித்துவிட நினைத்தேன். இருக்கட்டும்.

அண்ணனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன், உருண்டையைத் தவிர. அவர் சிரிக்கிறார், சிரிக்கிறார், இருமல் வரும்வரை சிரிக்கிறார். "அம்முணி, சாமிகிட்ட வேண்டுன எடத்துலயே ஓட்டையப் போட்டுட்டு வந்துட்டயா!" பிறகு குரல் மாறியது. "உன்ற சரக்கு. அது மூடுமா மூடாதான்னு உனக்குத்தான் தெரியோணும். எரிக்கறதுன்னா எரி. வேண்டாம்னா பொறப்பட்டு வா."

மயிலாத்தா இந்தக் கலவையை எத்தனை தடவை கிண்டினாள், நான் எத்தனை தடவை "இன்னொருக்கா" என்றேன் என்று யோசித்தேன். ஷாஹிதாவிடம் போய், "கொளுத்துங்க" என்றேன்.

நவம்பர் 6, புதன்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

சுவரை உலை வாயில் பொருத்தினார்கள். முனிரத்தினம் சூடம் ஏற்றிப் பூசணிக்காய் உடைத்தார். ஊதுபத்தியை என் கண்ணில் காட்டாமல் அவரே வைத்திருந்து, அவரே ஒரு வாழைப்பழத்தில் குத்தினார். பர்னர்கள் உறுமின. சுவருக்கு அந்தப் பக்கம் உலை, இந்தப் பக்கம் நாங்கள்.

முதலில் பிளாஸ்டிக் குழாய். முதல் தடவை தோற்ற இடம். குழாய் இளகித் தொங்கியது, நாற்றம் குடலைப் பிடுங்கியது. என் சீலன்ட் உப்பி அதன் கழுத்தை நெரித்து அடைத்துக்கொண்டது. ஷாஹிதா உலர்பெட்டியிலிருந்து பஞ்சை எடுத்து வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. ஒரு கண்டம் தாண்டியது என்று மூச்சு விட்டேன்.

அப்போதுதான் கேபிள் கட்டுக்குக் கீழே, என் துளையிலிருந்து, நூல் மாதிரி வெள்ளைப் புகை கிளம்பியது. கூடவே ஒரு வாசனை. அத்தனை பிளாஸ்டிக் நாற்றத்துக்கு நடுவில் சந்தன வாசனை! ஆழமாகக் குத்தினேன் அல்லவா, மருந்து பூசிய பாகமும் உள்ளே போயிருக்கிறது. முனிரத்தினம் உலைக் கட்டுப்பாட்டை விட்டுக் கையெடுக்காமலே இன்னொரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எனக்குக் கும்பிடவும் தோன்றவில்லை. இந்த வழியாக வாசனை வந்தால் அடுத்து நெருப்பு வரும். ஷாஹிதா புதுப் பஞ்சை எடுத்துக்கொண்டு போனாள். பஞ்சைத் துளைக்கு நேராகப் பிடித்தாள். அந்தப் பஞ்சைத் தவிர உலகத்தில் எதுவும் எனக்குத் தெரியவில்லை. வெள்ளையாக இருந்தது. வெள்ளையாகவே இருந்தது. ஓரத்தில் டீக்கறை மாதிரி ஒரு பழுப்பு படர்ந்தது. "போச்சு" என்றேன்.

"பழுப்பானா பரவாயில்ல மேடம், கறுத்தாலும் பரவாயில்ல" என்றாள் ஷாஹிதா, பஞ்சிலிருந்து கண்ணை எடுக்காமல். "கங்கு ஆகக்கூடாது, பத்தக்கூடாது. அவ்வளவுதான்."

அவள் பஞ்சை எடுத்தபோது துளையின் வாய் கொஞ்சம் பருத்திருந்தது. பார்த்துக்கொண்டே இருக்கிறேன், உள்ளேயிருந்து கருப்பாக ஏதோ நுரைத்துக்கொண்டு மெதுவாக முன்னால் வருகிறது. புகை நூல் மெலிந்தது, விட்டு விட்டு வந்தது, நின்றது. துளை இருந்த இடத்தில் மிளகு அளவு கருப்பு மொட்டு. மூடிக்கொண்டது! நானே போட்ட துளையை என் சீலன்ட் மூடிக்கொண்டது!

அதற்குப் பிறகும் நேரம் நகரவே இல்லை. ஷாஹிதா அந்த மொட்டுக்கு முன்னால் மட்டும் நாலைந்து தடவை பஞ்சு காட்டியிருப்பாள். இரண்டு மணி நேரம் ஆனதும் முனிரத்தினம் பர்னரை அணைத்தார். உறுமல் நின்றது. எல்லாரும் ஷாஹிதாவைப் பார்த்தோம்.

டீ ஆறிவிட்டது என்கிற அதே குரலில், "பாஸ்" என்றாள். பிறகு அந்தக் குரல் உடைந்து, "பாஸ் அக்கா!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் முட்டிக்கொண்டன. நான் மறுபடியும் உட்கார்ந்து அழுதேன், இந்தத் தடவை லேப் படியில்.

மயிலாத்தாவுக்குப் போன் போட்டேன். "ஆயிருச்சு" என்பதற்கு மேல் பேச வரவில்லை. அந்தப் பக்கம் ஆறு பேரும் கூச்சல் போட்டதில் அண்ணன் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து ஓடிவந்தாராம்.

நவம்பர் 7, வியாழன்

ஆறிய சுவரிலிருந்து அந்த அடைப்பை வெட்டி எடுத்தார்கள். குறுக்கே அறுத்துப் பார்த்தால், நடுவில் ஊதுபத்திக் குச்சி கரிக்கோடாக நிற்கிறது, சுற்றிலும் சீலன்ட் அதை இறுக்கிப் பிடித்திருக்கிறது. ஷாஹிதா ரிப்போர்ட்டில் எழுதியதைப் படித்துக் காட்டினாள். கேபிள் அடைப்பில் ஒரு துளை, தயாரிப்பாளர் தரப்பினர் பூஜையின்போது ஊதுபத்தி குத்தியதால் ஏற்பட்டது.

"'தயாரிப்பாளர் தரப்பினர்'னு பொதுவாப் போட்டிருக்கேன் அக்கா. பேரு போடல" என்றாள். பெரிய உபகாரம்.

ஊருக்குக் கிளம்பும்முன் பாத்திரக்கடைக்குப் போய்ப் பித்தளையில் ஊதுபத்தி ஸ்டாண்டு ஒன்று வாங்கி முனிரத்தினத்திடம் கொடுத்தேன். அவர் அதை உலைக்கு மேல் மாடத்தில் வைத்துவிட்டு, எட்டி நின்று பார்த்துச் சிரித்தார்.

நவம்பர் 20, புதன்

ஆஸ்பத்திரி கட்டுகிற இன்ஜினியர் அண்ணனுக்குப் போன் செய்திருக்கிறார். ரிப்போர்ட்டில் அந்த ஊதுபத்தி வரியைப் படித்தாராம். நான் அப்படியே சுருங்கிப்போனேன். மானம் போயிற்று, ஆர்டரும் போயிற்று என்று நினைத்தேன்.

"அம்முணி, அந்த வரியாலதான் அவருக்குப் புடிச்சுப்போச்சு" என்றார் அண்ணன். சுவரை நாம் எவ்வளவு அழகாக அடைத்துக் கொடுத்தாலும், ஆறு மாதம் கழித்து எவனாவது ஸ்குரூடிரைவரால் குத்தி இன்னொரு ஒயரை இழுப்பான், அடைக்காமலே போவான், அந்த ஓட்டையை இதுவரை எந்த ரிப்போர்ட்டிலும் பார்த்ததில்லை என்றாராம் இன்ஜினியர். ஆர்டர் உறுதி. செக்ஷனும் உறுதி. மயிலாத்தா இப்போதே இரண்டாவது கிண்டு பாத்திரம் கேட்கிறாள்.

ஷாஹிதாவுக்குச் சொன்னேன். சந்தோஷப்பட்டுவிட்டு உடனே பழைய குரலுக்குப் போய்விட்டாள். "ஒரு துளை ஒரு நாள் மூடிச்சுன்னா எல்லாத் துளையும் மூடும்னு அர்த்தம் இல்லக்கா. வேணும்னே விதவிதமா குத்தி ஒரு டெஸ்ட் போடணும்." அவள் சொல்வது நியாயம். அண்ணன் தேதி கேட்கச் சொல்லிவிட்டார். ஜனவரிக் கடைசி.

நாலாம் டெஸ்ட். லாட்ஜ்காரருக்கும் சொல்லியாயிற்று. கொண்டுபோக வேண்டிய சாமான்களில் சீலன்ட் டப்பாக்களோடு ஊதுபத்தி இரண்டு பாக்கெட்டும் வைத்திருக்கிறேன், சந்தனம் ஒன்று, மல்லிகை ஒன்று.

முனிரத்தினத்திடமிருந்து ராத்திரி குரல் செய்தி வந்தது. "மேடம், இந்த வாட்டி வாழப்பழம் ஒரு சீப்பா வாங்கி வெச்சிடறேன். வாச்மேனுக்குத் தனியா ஒரு சீப்பு."

வாழைப்பழம் எல்லாவற்றையும் வாச்மேனுக்கே கொடுத்துவிடச் சொன்னேன். எனக்குச் சுவர் போதும்.